சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுகள்: கேள்வி பதில்

ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்களின் மிகப் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் செப்டம்பரில்தான் ஆரம்பம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜூலை முதல் பாதியிலேயே அது தகுதிச் சுற்றுகளோடு தொடங்கிவிடுகிறது. அந்த ஏழெட்டு வாரங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அடிப்படையிலிருந்து சொல்லுங்கள். எத்தனை இடத்துக்காக இவ்வளவு சுற்றுகள்?

ஏழு இடங்களுக்காக. 2024-25 முதல் பிரதான கட்டத்தில் 36 அணிகள் ஆடுகின்றன. 29 அணிகள் நேராக உள்ளே வந்துவிடும். மீதி ஏழு இடங்களுக்குத்தான் மூன்று தகுதிச் சுற்றுகளும் கடைசியில் பிளே-ஆஃப் என்ற இறுதித் தகுதிச் சுற்றும். எல்லாச் சுற்றிலும் சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். சமமாக இருந்தால் கூடுதல் நேரம், அதிலும் முடியாவிட்டால் பெனால்டி.

கேள்வி: ‘சாம்பியன்ஸ் பாதை’, ‘லீக் பாதை’ என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்களே, எதற்கு? பலவீனமான அணிகளுக்குச் சலுகை கொடுப்பது போலத்தானே இது?

இதைச் சலுகை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. 2008-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். பெல்ஜியத்தின் சாம்பியனான ஸ்டாண்டர்ட் லியேஜ், இங்கிலாந்தில் நான்காவதாக வந்த லிவர்பூலோடு மோத வேண்டி வந்தது. லியேஜில் 0-0. அங்கே கிடைத்த பெனால்டியை லிவர்பூல் கோல்கீப்பர் ரெய்னா தடுத்துவிட்டார். லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் கூடுதல் நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது டிர்க் கய்ட் அடித்த ஒரே கோலில் ஸ்டாண்டர்ட் வெளியே போனது. தன் நாட்டில் முதலிடம் பிடித்த அணி வெளியே, நான்காம் இடத்து அணி உள்ளே. போட்டியின் பெயரிலேயே ‘சாம்பியன்ஸ்’ இருக்கிறது!

ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏவின் தலைவராகப் பிளாட்டினி இருந்தபோது, 2009-10 முதல் இதைப் பிரித்தார்கள். சிறிய நாடுகளின் சாம்பியன்கள் தங்களுக்குள் ஆடுவார்கள். பெரிய லீகுகளில் இரண்டாவது, மூன்றாவது வந்தவர்கள் தனியாக ஆடுவார்கள். இப்போது ஏழு இடங்களில் ஐந்து சாம்பியன்ஸ் பாதைக்கு, இரண்டு லீக் பாதைக்கு.

பலவீனம் பற்றிக் கேட்டீர்கள். 2025-ல் சாம்பியன்ஸ் பாதையில் வந்தது அஜர்பைஜானின் காராபாக். லீக் பாதையில் வந்தது போர்ச்சுகலின் பென்ஃபிகா. செப்டம்பரில் லிஸ்பனில் இரண்டும் மோதின. பென்ஃபிகா 2-0 என்று முன்னிலை பெற்றது. ஆட்டம் முடிந்தபோது காராபாக் 3-2 வெற்றி. 2021-ல் மால்டோவாவின் ஷெரிஃப் டிராஸ்போல் முதல் சுற்றிலிருந்து எட்டுத் தகுதி ஆட்டங்கள் ஆடி வந்து, ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தது. கடைசி நேரத்தில் செபாஸ்டியன் தில் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்த அந்தக் கோலைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, முதல் சுற்றிலேயே தோற்றால் அந்த அணிக்கு வருஷமே முடிந்ததா?

இல்லை தம்பி. சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலைப் போட்டி யூரோப்பா லீக், அதற்கும் அடுத்தது கான்ஃபரன்ஸ் லீக். சாம்பியன்ஸ் பாதையில் முதல் சுற்றில் தோற்றவர்கள் கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போவார்கள். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் தோற்றால் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றுகளுக்கு. பிளே-ஆஃபில் தோற்றால் யூரோப்பா லீகின் பிரதான கட்டத்தில் இடம் உறுதி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு சாம்பியன் முதல் இரண்டு சுற்றுகளைத் தாண்டிவிட்டால் போதும். அதற்குப் பிறகு வரிசையாகத் தோற்றாலும் கான்ஃபரன்ஸ் லீகின் பிரதான கட்டத்திலாவது இடம் கிடைத்துவிடும். அதனால்தான் யாரும் பார்க்காத அந்த இரண்டாம் சுற்றுக்காகச் சிறிய கிளப்கள் உயிரைக் கொடுத்து ஆடுகின்றன.

2023-ல் ஃபாரோ தீவுகளின் கே.ஐ. கிளாக்ஸ்விக் போன வழி இதுதான். சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊர். வீரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். முதல் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரன்ஸ்வாரோஷுடன் சொந்த மண்ணில் 0-0, அப்புறம் புடாபெஸ்டில் போய் 3-0. அந்தத் தோல்விக்காக ஃபெரன்ஸ்வாரோஷ் தன் கோச்சையே நீக்கிவிட்டது. அடுத்து ஸ்வீடனின் ஹேக்கனைப் பெனால்டியில் வென்றார்கள். பிறகு நார்வேயின் மோல்டேயிடம் தோல்வி, யூரோப்பா லீக் பிளே-ஆஃபில் ஷெரிஃபிடம் தோல்வி. இரண்டு தோல்விக்குப் பிறகும் ஐரோப்பியப் போட்டி ஒன்றின் குரூப் கட்டத்தில் (அப்போதைய பிரதான கட்டம்) ஆடிய முதல் ஃபாரோ கிளப் என்ற பெயரோடு கான்ஃபரன்ஸ் லீகில் நின்றார்கள்.

கேள்வி: 6-1 என்று ஜெயித்த அணியை வெளியே அனுப்பினார்களாமே, உண்மையா?

உண்மைதான். 2014, மூன்றாவது தகுதிச் சுற்று, போலந்தின் லெகியா வார்சாவும் ஸ்காட்லாந்தின் செல்டிக்கும். வார்சாவில் லெகியா 4-1. செல்டிக் பார்க் அப்போது காமன்வெல்த் விளையாட்டுக்காக ஒதுக்கப்பட்டிருந்ததால் இரண்டாவது ஆட்டம் எடின்பரோவின் மரேஃபீல்டில் நடந்தது. அங்கேயும் லெகியா 2-0. மொத்தம் 6-1.

எல்லாம் முடிந்துவிட்ட அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பெரெஷின்ஸ்கி என்ற டிஃபெண்டரை லெகியா மாற்று வீரராக இறக்கியது. முந்தைய சீசன் யூரோப்பா லீகில் ரெட் கார்டு வாங்கியதால் அவருக்கு மூன்று ஆட்டத் தடை இருந்தது. இரண்டாம் சுற்றின் இரண்டு ஆட்டங்கள், செல்டிக்குடன் முதல் ஆட்டம் என மூன்றிலும் அவர் ஆடவில்லை. சரி, தடை தீர்ந்தது என்று கிளப் நினைத்துவிட்டது. ஆனால் இரண்டாம் சுற்றுக்கு யுஇஎஃப்ஏவிடம் கொடுத்த வீரர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பட்டியலில் இல்லாதவர் உட்கார்ந்திருந்தால் அது தடையில் கழியாது. விதி அப்படி.

இரண்டாவது ஆட்டத்தைச் செல்டிக்குக்கு 3-0 என்று அறிவித்தார்கள். மொத்தம் 4-4. மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணி ஊரில் அதிக கோல் அடித்தவர் முன்னேறுவார் என்பது அப்போதைய விதி. வார்சாவில் அடித்த அந்த ஒரு கோலால் செல்டிக் அடுத்த சுற்றுக்குப் போனது. இதில் என்னை இன்றும் உறுத்துவது வார்சாவில் நடந்தது. முதல் ஆட்டத்தில் லெகியா கேப்டன் வர்டோல்யாக் இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டார். ஒன்று உள்ளே போயிருந்தால் கூட இந்தத் தண்டனைக்குப் பிறகும் லெகியாதான் 5-4 என்று முன்னேறியிருக்கும். செல்டிக் அடுத்த சுற்றில் ஸ்லோவேனியாவின் மாரிபோரிடம் தோற்று வெளியேறியது. விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடிய சில நிமிடங்களுக்கு அந்தத் தண்டனை மிக அதிகம்.

கேள்வி: வெளி மைதானக் கோல் விதி இப்போதும் இருக்கிறதா?

2021-22 முதல் இல்லை.

கேள்வி: தகுதிச் சுற்றிலிருந்து வந்து கோப்பையே வென்றவர்கள் உண்டா?

உண்டு. 1999-ல் மான்செஸ்டர் யுனைடெட், 2003-லும் 2007-லும் மிலான், 2005-ல் லிவர்பூல். 2002 ஆகஸ்டில் மிலான், செக் நாட்டின் ஸ்லோவான் லிபெரெட்ஸுடன் சொந்த ஊரில் 1-0, அங்கே 1-2. மொத்தம் 2-2, அந்த வெளி மைதானக் கோலால்தான் தப்பித்தது. அன்று இன்னொரு கோல் வாங்கியிருந்தால் அடுத்த மே மாதம் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர்கள் கோப்பையைத் தூக்கியிருக்க முடியாது.

2005-ல் இஸ்தான்புல்லில் கோப்பை வென்ற லிவர்பூல், உள்நாட்டு லீகில் ஐந்தாவதுதான். அடுத்த சீசனுக்கு அவர்களை முதல் தகுதிச் சுற்றிலிருந்து ஆடச் சொன்னார்கள். ஐரோப்பாவின் சாம்பியன், ஜூலை நடுவில், வேல்ஸ் சாம்பியன் டிஎன்எஸ்ஸுக்கு எதிராக! ஆன்ஃபீல்டில் ஜெரார்ட் ஹாட்ரிக். இப்போது கோப்பை வென்றவருக்கு நேரடி இடம் உண்டு.

கேள்வி: நார்வே, கஜகஸ்தான் அணிகள் ஜூலையில் மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக ஆடுகின்றன?

குளிர் காரணமாக அவர்களின் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். ஜூலையில் அவர்கள் சீசன் நடுவில் நல்ல ஓட்டத்தில் இருப்பார்கள். எதிரணியோ விடுமுறை முடிந்து பயிற்சி ஆட்டங்களில் இருக்கும். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் அவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகும். 2025-ல் அல்மாட்டியின் கைராட் முதல் சுற்றிலிருந்து கிளம்பி நான்கு சுற்றும் தாண்டியது. பிளே-ஆஃபில் செல்டிக்குடன் இரண்டு ஆட்டமும் 0-0. பெனால்டியில் இளம் கோல்கீப்பர் அனர்பெகோவ் மூன்றைத் தடுத்தார்.

கேள்வி: நீங்கள் பார்த்ததில் மறக்க முடியாத தகுதி ஆட்டம்?

2014 ஆகஸ்டு, சோஃபியா. பல்கேரியாவின் லுடோகோரெட்ஸும் ருமேனியாவின் ஸ்டெவாவும், பிளே-ஆஃப் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றிருந்த லுடோகோரெட்ஸ், 90-வது நிமிடத்தில் வாண்டர்சன் அடித்த கோலால் சமன் செய்தது. கூடுதல் நேரம் முடியும் தருவாயில் அவர்களின் கோல்கீப்பர் ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். மாற்று வீரர்கள் எல்லாரும் இறங்கியாகிவிட்டது. டிஃபெண்டர் கோஸ்மின் மோட்சி கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். முதல் பெனால்டியை அவரே அடித்து கோலாக்கினார். பிறகு இரண்டைத் தடுத்தார். 6-5. மோட்சி ருமேனியாக்காரர், அதுவும் ஸ்டெவாவின் பரம எதிரியான டினாமோ புகாரெஸ்டில் பல வருஷம் ஆடியவர். இப்படி ஒரு கதையைக் கற்பனை செய்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: சாம்பியன்ஸ் லீகில் கிடைக்கும் பணம் சிறிய லீகுகளைக் கெடுக்கிறது என்கிறார்களே?

இந்தக் கவலை நியாயமானது. பிரதான கட்டத்தில் நுழைந்தாலே 1.86 கோடி யூரோ கிடைக்கிறது. ஒரு வெற்றிக்கு மேலும் 21 லட்சம். சிறிய நாட்டில் ஒரே கிளப்புக்கு அந்தத் தொகை வந்தால் மற்றவர்கள் எட்டிப் பிடிப்பது கஷ்டம். இப்போது சொன்ன லுடோகோரெட்ஸ் 2012 முதல் 2025 வரை தொடர்ந்து 14 முறை பல்கேரிய சாம்பியன். அவர்களுக்கு வேறு பண பலமும் உண்டு, ஆனாலும் ஐரோப்பியப் பணம் அந்த இடைவெளியைப் பெரிதாக்கியது. அந்தந்த நாட்டு லீகின் மற்ற கிளப்களுக்கும் கணிசமான பங்கு போனால்தான் இது சீராகும் என்பது என் கருத்து. இடங்களைக் குறைப்பது தீர்வாகாது.

கேள்வி: இந்த வருஷம் எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது. ஆகஸ்டு கடைசியில் வரும் பிளே-ஆஃப் இரண்டாம் ஆட்டங்களை மட்டும் விடாதீர்கள். செவ்வாய், புதன் இரவுகளில் நடக்கும். பெரும்பாலும் இந்திய நேரப்படி நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கும். முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற அணி சொந்த ஊருக்குத் திரும்பும் ஆட்டம் எது என்று பார்த்து, அதைத் தேர்ந்தெடுங்கள்.