போக மறுக்கிறார்களா, போக இடமில்லையா?

கேள்வி: மலைப்பகுதி மக்களை எத்தனை முறை எச்சரித்தாலும் வீட்டைக் காலி செய்ய மறுக்கிறார்கள். நிலச்சரிவில் உயிர்கள் போன பிறகு அரசைக் குறை சொல்வது என்ன நியாயம்?
- வாசகர் ஒருவர், மேட்டுப்பாளையம்

பதில்: அரசைக் குறை சொல்வது நியாயம்தான். எதை எச்சரிக்கை என்கிறீர்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் நான்கு வரிசை லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், நிலச்சரிவில் மண்ணோடு போயின. இறந்தவர்கள் 70 பேர். தேயிலை பறித்துப் பிழைத்த தமிழர்கள். பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மழையில் மின்சாரமும் தொலைபேசியும் செத்துக் கிடந்ததால் வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் சேதி போனது. உதவி கேட்கவே வழியில்லாத இடத்துக்கு எச்சரிக்கை எந்த வழியில் போய்ச் சேர்ந்திருக்கும்?

சரி, எச்சரிக்கை போய்ச் சேர்ந்த இடத்துக்கு வருவோம். இலங்கையில் பதுளை மாவட்டம், கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டம். அந்த மலைச்சரிவு ஆபத்தானது, மக்களை இடம் மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. இடையில் ஒன்பது ஆண்டுகள் கிடைத்தன. அவர்கள் எங்கே போயிருக்க வேண்டும் என்கிறீர்கள்? லயத்து அறை அவர்களுக்குச் சொந்தமில்லை. வேலையை விட்டால் அறையும் போய்விடும். மாற்று நிலமும் வீடும் கையில் கொடுக்காமல் "வெளியேறு" என்று ஒரு காகிதத்தை நீட்டினால், அது பின்னாளில் அதிகாரி தன்னைக் காத்துக்கொள்ளத்தான் உதவும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோதும் பதுளை, கண்டி, நுவரெலியா மலைகளில் மண்சரிவுகள் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயின.

நம் நீலகிரிக்கு வாருங்கள். மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு சிவப்பு எச்சரிக்கை விடுகிறார்கள். ஆனால் மலையில் மழை அப்படிப் பெய்வதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே ஏறக்குறைய 140 சென்டிமீட்டர்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கோ ஆபத்து வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டது அந்த மழையில்தான். எந்தச் சரிவில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது, மண் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று ஊர்வாரியாகச் சொல்லாத எச்சரிக்கை நாலு முறை பொய்த்தால், ஐந்தாம் முறை யார் நம்புவார்கள்?

வெளியேறச் சொல்லும்போது அந்த வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கொட்டிலில் கறவை மாடு நிற்கிறது. நாளை வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. முகாம் என்று காட்டும் பள்ளிக்கூடத்தில் வயதுக்கு வந்த பெண்கள் போய்வரத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இல்லை. ராத்திரி பத்து மணிக்கு, கொட்டும் மழையில், கைக்குழந்தையோடு அங்கே நடக்கச் சொல்கிறோம். நீங்களும் நானும் போவோமா?

மலை மக்களுக்கு ஆபத்து தெரியாது என்று எண்ண வேண்டாம். சுவரில் புது விரிசல், சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, மழை கொட்டும்போதே வற்றிப்போகும் ஓடை: இவை எதைக் குறிக்கின்றன என்று அங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் கண்டதைச் சொன்னால் அந்த நேரத்திலேயே வண்டி அனுப்பும் அதிகாரம் உள்ளூரில் ஒருவருக்கு இருக்க வேண்டும். முகாமில் இருக்கும் நாட்களுக்குக் கூலி தர வேண்டும். சரிவைப் பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டி விடுதி கட்டுகிறவருக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. ஓடையை மூடியவரைத் தோண்டித் திறக்க வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்து கொடுத்த பிறகும் ஒருவர் வர மறுத்தால், அப்போது உங்கள் கேள்வியை அவரிடம் கேட்கலாம். இன்றைக்கு அதைக் கேட்க வேண்டிய இடம் மாவட்ட நிர்வாகமும் தோட்ட நிர்வாகமும்.