மாரியில் காரை எத்தனை நாளுக்கு ஒரு தடவை கழுவுவது?

கேள்வி: நான் வேலணை. தினமும் யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மூன்று கிழமைக்கு முன் புரோக்கர் ஒருவர் மூலம் பாவித்த ஜப்பான் கார் ஒன்று வாங்கினேன். குளிர்காலத்தில் கிழமைக்கு ஒரு தடவையாவது கழுவு, இல்லாவிட்டால் கறள் பிடிக்கும் என்கிறார் கனடாவில் இருக்கும் மச்சான். அடிக்கடி கழுவினால் பெயின்ற் மங்கிவிடும், மாரியில் மழையே கழுவிவிடும் என்கிறார்கள் இங்கே சேர்விஸ் ஸ்ரேசனில். யாருடைய பேச்சைக் கேட்பது?

பதில்: மச்சானுடைய பேச்சைக் கேளுங்கள். கிழமைக்கு ஒரு தடவை. நீங்கள் கோண்டாவிலிலோ நல்லூரிலோ இருந்தால் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போதும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் கடலுக்கு நடுவால் போகும் பண்ணைப் பாலத்தால் நாளுக்கு இரண்டு தரம் போய் வருகிறவர்.

மச்சானுடைய ஊரில் பனி உருகுவதற்காக வீதியில் உப்பைக் கொட்டுவார்கள். அது ரயரில் அள்ளுப்பட்டுக் காரின் அடியெல்லாம் ஒட்டும். நமக்கு யாரும் கொட்டத் தேவையில்லை, வாடைக்காற்றே கடலில் இருந்து கொண்டுவந்து பூசிவிடும். மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் கசிந்து நசநசவென்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே? காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு இழுக்கும். கதவின் அடி மடிப்பிலும் மட்கார்ட்டின் உட்பக்கத்திலும் ஒட்டிய உப்பும் அதையேதான் செய்கிறது. மழை விட்டு மேல்பக்கம் காய்ந்தாலும் அந்த இடங்கள் காயாது, கறள் அங்கேதான் தொடங்கும். மழை கழுவிவிடும் என்ற கதை கூரைக்கும் பொனற்றுக்கும் ஓரளவு சரி. அடிப்பக்கத்துக்கு மழை கொண்டுவருவது சேறு.

கழுவினால் பெயின்ற் மங்காதா? தண்ணி மங்க வைக்காது, துணிதான் மங்க வைக்கும். காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு படை இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலும் 40, 50 மைக்ரோன் தடிப்பு, தலைமயிரைவிட மெல்லிசு. பளபளப்பு முழுவதும் அதில்தான். அதன்மேல் செம்மண் ஒட்டியிருக்கும்போது பழைய சாரத்துண்டால் இழுத்தால் சான்ட் பேப்பரால் தேய்த்த மாதிரித்தான். மார்கழி, தை விடியலில் பனி விழுந்த காரை, வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒரு துணியால் வழித்துத் துடைப்பார்களே, பார்க்கும்போது வயிறு எரியும். அந்த ஈரத்துக்குக் கீழே இரவு முழுக்கப் படிந்த தூசு கிடக்கிறது. கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கழுவுவது பெரிய வித்தை இல்லை. நிழலில் நிறுத்தி, ஹோஸ் பைப்பால் முதலில் அடியையும் மட்கார்ட்டின் உட்பக்கத்தையும் அடியுங்கள். நேரம் இல்லாத கிழமை இதை மட்டுமாவது செய்தால் போதும். பிறகு மேலே தண்ணி விட்டுச் சேற்றைக் கரைய விடுங்கள், அதுவரை கை வைக்கக் கூடாது. அப்புறம் கார் ஷாம்பூ போட்ட வாளி ஒன்று, துணி அலச வெறும் தண்ணி வாளி ஒன்று. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சவர்க்காரத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், பூசியிருக்கும் மெழுகையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

உங்களுக்கு முக்கியம், எந்தத் தண்ணி என்பது. தீவுப்பகுதிக் கிணறுகள் பல உவர். அதால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. நல்ல தண்ணிக் கிணறு என்றாலும் குடாநாட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கேத்தலின் அடியில் படியும் வெள்ளை காரிலும் புள்ளி புள்ளியாகப் படியும். நல்லகாலம், உங்கள் பிரச்சினை மாரியில். முதல் மழையில் வீட்டுக் கூரை கழுவுப்படட்டும். அடுத்த மழைகளில் பீலித் தண்ணியைப் பீப்பாயில் பிடித்துவைத்துக் கடைசி அலசலை அதால் செய்யுங்கள். மழைத்தண்ணியில் சுண்ணாம்பு இல்லை. பிறகு தானாகக் காய விடாமல் மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது உங்கள் காராகவே இருக்கலாம். புரோக்கர் மூலம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். விற்பதற்கு முன் ஒரு கதவுக்கோ மட்கார்ட்டுக்கோ பெயின்ற் அடித்துவிடுவது இங்கே வழமை. கொம்பனிப் பெயின்ற் சூளையில் சுட்டு இறுகியது. கராஜில் அடித்தது தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுகக் கிழமைக்கணக்காகும். அடித்து முதல் இரண்டு கிழமை வெறும் தண்ணி மட்டும், பிரஷர் கன் கிட்டவும் வரக்கூடாது. நீங்கள் வாங்கி மூன்று கிழமை என்பதால் அந்தக் காலம் கடந்திருக்கும். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு மெழுகும் பொலிஷும் வேண்டாம். காகம் எச்சமிட்டால் அன்றைக்கே தண்ணி ஊற்றி எடுங்கள், விட்டால் அச்சு விழும். எப்படிக் கண்டுபிடிப்பது? வெயிலில் நிறுத்திச் சரிவாகப் பாருங்கள், ஒரு கதவின் நிறம் மற்றதோடு ஒத்துப்போகாது. கதவு றப்பரைச் சற்று விலக்கினால் ஓரத்தில் பெயின்ற் தூவல் தெரியும். பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், பள்ளத்தை நிரப்பப் புட்டி தடிப்பாக அப்பிய இடத்தில் பிடிக்காது. பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்படியும் பிடிக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். புரோக்கரைக் கேட்டுப் பயனில்லை. “ஒறிஜினல் பெயின்ற் அண்ணை” என்பார். நான் புட்டி சுரண்டிய கார்கள் எல்லாம் ஒறிஜினல் பெயின்ற் கார்கள்தான்.

புரோக்கர்களுடைய அடுத்த வேலை, அடிப்பக்கத்துக்குக் கறுப்புத் தார்ப்பெயின்ற். கறளைச் சுரண்டாமல் மேலே பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கறள் மறைவாக வளரும். நீங்கள் மேலே எவ்வளவு கழுவினாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. ராம்பில் ஏற்றி, ஸ்குரூட்ரைவர் நுனியால் நாலு இடத்தில் குத்திப் பார்க்க மெக்கானிக் ஒருவரிடம் சொல்லுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி விட்டது. இடையில் பழைய கார்களுக்கு வந்த விலையில், கறளைப் பூசி மறைப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். குழாயில் வரும் புகையை அளப்பார்கள். கார்த் தளம் ஓட்டையா என்று குனிந்து பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

சேர்விஸ் ஸ்ரேசனுக்குப் போனால் இரண்டுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஒன்று, அடியில் டீசலோ கழிவு எண்ணெயோ அடிப்பது. அடிப்பக்க மூட்டுகளில் இருக்கும் றப்பர் புஷ்கள் ஊதிப்போகும், அடுத்த நாளே மண் அப்பிக்கொள்ளும். மற்றது கட் அன்ட் பொலிஷ். கீறல் மறைவது, கீறல் இருந்த ஆழத்துக்குக் கிளியர் கோட்டையே சுரண்டி எடுப்பதால். விற்றவர் உங்களுக்குக் காட்டுவதற்கு முன்பே ஒரு தடவை போட்டிருப்பார். பொங்கலுக்கு இன்னொரு தடவை போட எண்ணியிருந்தால் அந்தக் காசில் நல்ல மைக்ரோபைபர் துணி நாலும் ஒரு பீப்பாயும் வாங்கி வையுங்கள்.