மகள் ‘ஜெனடிக்ஸ்’ படிக்கப்போகிறாள் என்றால், சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கடிதத்தில் மூன்று கவலைகள் இருக்கின்றன. நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதவில்லை. மகள் மரபணுப் பரிசோதனை தொடர்பாகத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அதைப் படித்தால் வேலையே கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள். மூன்றாவதற்கு என் பதில்: வேலை இருக்கிறது. ஆனால் ‘ஜெனடிக்ஸ்’ என்ற ஒரே பெயருக்குள் தனித்தனித் தொழில்கள் பல அடங்கியிருக்கின்றன. அதில் எந்தத் தொழில் என்று தீர்மானிக்காமல் கல்லூரி தேடுகிறவர்கள்தான் படித்து முடித்துவிட்டுச் சம்பந்தமில்லாத வேலையில் உட்காருகிறார்கள். ஆகவே தொழில்களை முதலில் பார்ப்போம், கல்லூரியைப் பிறகு.

குரோமோசோம் பார்க்கும் வேலையிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வகத்தில் இதைக் கேரியோடைப் என்பார்கள். டவுன் சிண்ட்ரோம் சந்தேகம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, சில வகை ரத்தப் புற்றுநோய் என்று பல காரணங்களுக்காக மருத்துவர்கள் இதை எழுதிக்கொடுக்கிறார்கள். பச்சை மூடி போட்ட, உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் உள்ள குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதில் அரை மில்லியளவை, 5 மில்லி வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பார்கள். வெள்ளணுக்கள் சும்மா பிரியாது. அவற்றைத் தூண்ட ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற புரதம் வேண்டும். கடைசிக் கட்டத்தில் கோல்செமிட் என்ற மருந்தைச் சேர்த்துப் பிரிதலைப் பாதியில் நிறுத்துவார்கள். பிறகு 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் செல்களை ஊற வைத்து, மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, கண்ணாடிச் சில்லில் சொட்டுவிட்டு, குரோமோசோமில் பட்டைகள் தெரிவதற்காக டிரிப்சின் நொதியும் கீம்சா சாயமும் கொடுப்பார்கள். அதன்பின் வழக்கமாக 20 செல்களையாவது எண்ணிப் பார்த்துத்தான் முடிவு எழுதுவார்கள்.

இந்த வரிசையில் எங்கே தவறினாலும் மூன்று நாள் வேலை வீண். கோல்செமிட் அதிக நேரம் இருந்துவிட்டால் குரோமோசோம் குட்டையாகச் சுருங்கி, பட்டைகளைப் பிரித்தறிய முடியாது. டிரிப்சினில் சில விநாடிகள் கூடினால் விளிம்பெல்லாம் பஞ்சுபோல் கலைந்துவிடும். ஊறவைப்பது குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துகிடக்கும். இந்த ஊறவைக்கும் படி வெறும் சடங்கு இல்லை. 1952-ல் டி.சி. ஸூ என்ற விஞ்ஞானி இதன் பயனை வெளியிட்டார். அதன்பிறகுதான், 1956-ல், ஜியோவும் லெவனும் மனிதக் குரோமோசோம் 46 என்று சரியாக எண்ண முடிந்தது. அதுவரை உலகமே 48 என்று நம்பியிருந்தது. உப்பு குறைந்த நீரில் சில நிமிடம் ஊறவைத்த ஒரு சின்ன உத்தி அந்த எண்ணைத் திருத்தியது. பொறுமையும், ஒரே மாதிரிப் படங்களை நாள் முழுக்கப் பார்த்துச் சலிக்காத கண்ணும் உள்ள பிள்ளைக்கு இது நல்ல தொழில். அவசரக்காரருக்கு ஒத்துவராது.

டி.என்.ஏ. பக்கம் வேலையின் சுபாவமே வேறு. 1983-ல் சீடஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி முல்லிஸ் யோசித்த பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் முறைதான் இன்றும் அடித்தளம். ஏறக்குறைய 95 டிகிரியில் இழைகள் பிரியும். 50 முதல் 65 டிகிரிக்குள் பிரைமர் என்ற குட்டி டி.என்.ஏ. துண்டு ஒட்டும். 72 டிகிரியில் புது இழை வளரும். இப்படி 30 சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரு மூலக்கூறு 107 கோடிக்கு மேல் பெருகும். சக்தியும் இதுதான், ஆபத்தும் இதுதான். பெருகிய குழாயை ஒருமுறை தவறான அறையில் திறந்தால் போதும். காற்றில் கலந்த நுண்துளி அடுத்த நோயாளியின் மாதிரியில் விழுந்து, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டிவிடும். அதனால்தான் கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரி சேர்க்க ஓர் அறை, பெருக்க ஓர் அறை என்று பிரித்து, ஆள் நடமாட்டம் ஒரே திசையில் இருக்கும்படி வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. சேர்க்காத ஒரு குழாயையும் ஓட்டுவார்கள். அதில் கோடு எழும்பினால் அன்றைய முடிவு எதுவும் வெளியே போகக்கூடாது.

குழாய் மூடியின் நிறம் ஒரு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நேர்முகத் தேர்வில் அதையே கேட்கிறார்கள். பி.சி.ஆருக்கு ஊதா மூடி இ.டி.டி.ஏ. (இதுவும் உறைதலைத் தடுப்பதுதான்) குழாய் வேண்டும். ஹெப்பரின் ரத்தம் வந்தால் அது புது இழையை வளர்க்கும் பாலிமரேஸ் நொதியைத் தடுத்துவிடும். கேரியோடைப்புக்கு இதன் தலைகீழ்: இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் செல்கள் சரியாக வளராது. ரத்தத்தை உறைபெட்டியில் வைத்து அனுப்பினால் செல்கள் செத்துப்போகும், டி.என்.ஏ. எடுக்கலாம், குரோமோசோம் பார்க்க முடியாது. இந்தக் காரணங்களைத் தயங்காமல் சொல்லத் தெரிந்த மாணவி, 90 சதவீத மதிப்பெண் வைத்துக்கொண்டு சொல்லத் தெரியாதவரை எளிதாக முந்திவிடுவாள்.

செல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இன்னொரு துறை. சின்ன ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில்கூட அணுக்களை எண்ணப் பயன்படும் தத்துவத்துக்கு வாலஸ் கூல்டர் 1953-ல் காப்புரிமை பெற்றார். நுண்துளை வழியே செல் போகும்போது மின்தடை மாறுவதை அளப்பதுதான் அது. லேசர் ஒளியில் சாயம் ஏற்றிய செல்களைப் பார்க்கும் கருவிகள் பிறகு வந்தன. ரத்தப் புற்றுநோயின் வகையைக் கண்டறிய அவை இன்று தவிர்க்க முடியாதவை. ஒரு சாயத்தின் ஒளி பக்கத்துச் சாயத்தின் உணரியிலும் கசியும். அதைக் கழிக்கும் கணக்குத் தப்பினால், இல்லாத ஒரு செல் கூட்டம் திரையில் முளைக்கும். இயற்பியல் பிடித்த பிள்ளைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மரபணு வரிசையைப் படிக்கும் வேலைக்கு இப்போது கணினித் திறன் கூடவே வேண்டும். பரவலாகப் புழங்கும் சீக்வென்சிங் முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரான சங்கர் பாலசுப்பிரமணியன் சென்னையில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் டேவிட் கிளெனர்மனுடன் சேர்ந்து செய்தார். கருவி தகவலைக் கொட்டிவிடும். கண்டெடுத்த மாற்றம் நோயை உண்டாக்குமா, உண்டாக்காதா, இன்னும் சொல்ல முடியாததா என்று, இடைப்பட்ட நிலைகளையும் சேர்த்து ஐந்து படிகளில் வகைப்படுத்துவது மனிதர் வேலை. செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். படங்களை அடுக்குவதும், ஆயிரக்கணக்கான மாற்றங்களில் தேவையானதைச் சலித்தெடுப்பதும் ஏற்கனவே மென்பொருளிடம் போய்விட்டன. கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது போகவில்லை. முடிவைக் குடும்பத்தினரிடம் உட்கார்ந்து விளக்கும் மரபியல் ஆலோசகர் வேலையும் போகவில்லை. கருவைப் பரிசோதிக்கும் இடத்தில் வேலை என்றால் 1994-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றை மகள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்: சிசுவின் பாலினத்தைச் சொல்வது குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. யார் கெஞ்சினாலும், சைகையாலும்கூடச் சொல்லக்கூடாது.

பெரும்பாலான பெற்றோர் கேள்விப்படாத தொழில் ஒன்றை இனிச் சொல்கிறேன்: காப்புரிமை. இந்தத் துறையின் பணம் எப்படி நகர்கிறது என்பதற்கு முல்லிஸ் கதையே போதும். பி.சி.ஆர். காப்புரிமைகள் 1987-ல் வழங்கப்பட்டன. 1991-ல் அந்த உரிமையை ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. முல்லிஸுக்கு நிறுவனம் கொடுத்த ஊக்கத்தொகை 10,000 டாலர். வேலையில் இருக்கும்போது கண்டுபிடிப்பது பொதுவாக முதலாளிக்குப் போகும் என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மகள் படித்துப் பார்க்க வேண்டும்.

எதற்கு உரிமை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதே இந்தத் தொழிலின் உயிர். இயற்கையில் இருக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்ததால் மட்டும் அதற்குக் காப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-ல் மிரியட் வழக்கில் சொன்னது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3-ம் பிரிவு நோய் கண்டறியும் முறைகளுக்கு உரிமை மறுக்கிறது. தாயின் ரத்தத்தில் மிதக்கும் சிசுவின் டி.என்.ஏ.வை ஆராயும் முறை பற்றிய வழக்கில், 2023 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையின் எல்லையை விரிவாக ஆராய்ந்தது. ஆய்வகத்தில் உடலுக்கு வெளியே செய்யும் பரிசோதனைக்கும் தடை பொருந்தும். ஆனால் தன்னளவில் நோயை உறுதிசெய்யாத சல்லடைப் (ஸ்கிரீனிங்) பரிசோதனைக்குப் பொருந்தாது என்றது. உயிரியலும் சட்டமும் ஒன்றாகத் தெரிந்தவரால்தான் இப்படி ஒரு வழக்கை எழுத முடியும், வாதாட முடியும்.

இதற்குள் போக இரண்டு வாசல்கள். ஒன்று, காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் தேர்வாளர் பதவி. சென்னை கிண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். 2023-ல் எல்லாத் துறைகளுக்குமாக 553 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆண்டுதோறும் வராது என்பதால் இதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. உயிரித் தொழில்நுட்பப் பிரிவுக்கு முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, மாலிக்யூலர் பயாலஜி போன்ற பெயர்கள் அறிவிப்பில் இருக்கும். சான்றிதழில் புதுமையான பெயர் இருந்தால், இணையானது என்று நிரூபிக்க அலைய நேரிடும். மற்றொன்று, கண்டுபிடிப்பாளருக்காக விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்யும் காப்புரிமை முகவர் ஆவதற்கான தேர்வு. அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் 21 வயதும் போதும். இரண்டு எழுத்துத் தாள்கள், ஒரு வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். விழுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது இரண்டாம் தாளில், அதாவது கண்டுபிடிப்பில் எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்ற உரிமைக்கோரிக்கையை எழுதுவதில். வரிக்கு வரி எழுதிப் பழகாமல், சட்டப்பிரிவுகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போவதுதான் காரணம்.

இனிப் படிப்பு. மருத்துவமனை ஆய்வகம்தான் இலக்கு என்றால் பி.எஸ்சி. உயிரியல் சார்ந்த ஏதாவது ஒன்று, பிறகு எம்.எஸ்சி. ஹ்யூமன் ஜெனடிக்ஸ். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஜெனடிக்ஸ் துறை இருக்கிறது. கருவி, கிட் தயாரிக்கும் நிறுவனம் என்றால் பி.டெக். பயோடெக்னாலஜி உதவும். கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் பி.டெக். சேர்ப்பதைவிட, அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்துவிட்டு ஜாம் அல்லது கேட்-பி என்ற நுழைவுத் தேர்வு எழுதி நல்ல எம்.எஸ்சி.க்குப் போவதே என் பரிந்துரை. தொடக்கச் சம்பளம் இரண்டு வழியிலும் சுமார்தான். கடன் தவணையோடு அதைத் தாங்குவது கடினம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பி.சி.ஆர். கருவி எத்தனை, ஒரு கருவிக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். செல் வளர்ப்புக் கூடம் இயங்குகிறதா, பூட்டிக்கிடக்கிறதா என்று நேரில் பாருங்கள். கடைசிப் பருவத்து ப்ராஜெக்டை மாணவர்கள் எங்கே செய்கிறார்கள் என்பது இவற்றைவிட முக்கியம். ஊருக்கு ஊர் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ போர்டு தொங்குகிறது. பணம் கட்டினால் பைண்ட் செய்த அறிக்கையே கையில் கொடுக்கும் இடங்கள் உண்டு. அப்படி வந்தவர்கள் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் என்.ஏ.பி.எல். வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஆறு மாதம் கையால் வேலை செய்திருந்தால் அதுவே அவளுக்கு முதல் வேலையை வாங்கித் தரும்.

ப்ராஜெக்டில் புதிதாக ஏதாவது அகப்பட்டால், கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டும் முன் காப்புரிமைக்கான தற்காலிக விண்ணப்பம் ஒன்றைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தைத் தர 12 மாதம் அவகாசம் உண்டு. முதலில் வெளியே சொல்லிவிட்டால் புதுமை போய்விடும். சட்டத்தில் இருக்கும் விதிவிலக்கு மிகக் குறுகியது.

கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறதல்லவா? அதற்குள் உங்கள் ஊரில் மரபணுப் பரிசோதனை செய்யும் ஆய்வகம் ஒன்றில் அனுமதி கேட்டு, மகளை ஒரு முழுநாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். காலை மாதிரி வருவதிலிருந்து மாலை கருவியைத் துடைப்பது வரை பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அவள் எதைப் பற்றி அதிகம் பேசுகிறாள் என்று கவனியுங்கள்: நுண்ணோக்கியா, கணினித் திரையா, அறிக்கை வாங்க வந்த குடும்பமா? அதை எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அதை வைத்துப் போட்டுத் தருகிறேன்.