நாயின் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறதா?

கேள்வி: சிறுவர் கதைகளுக்கு விலங்குப் படங்கள் வரைகிறேன். நாயோ குதிரையோ பறவையோ, பின்னங்கால் மட்டும் ஒட்டவைத்தது போலவே வருகிறது. நமக்கு முன்னால் துருத்தும் முழங்கால் அவற்றுக்குப் பின்னால் துருத்துகிறதே, அதை எப்படிச் சரியாக வரைவது?

பதில்: பின்னால் துருத்துவது முழங்கால் அல்ல, குதிகால். எழுந்து, முழங்காலைச் சற்று மடக்கி, கால்விரல்களில் மட்டும் நின்று பாருங்கள். தரையை விட்டு மேலேறிய உங்கள் குதிகால்தான் அந்த மூட்டு. நாயின் உண்மையான முழங்கால் அடிவயிற்றை ஒட்டி, முன்னோக்கியே இருக்கிறது. தொடைத்தசையும் தோல்மடிப்பும் மறைப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பழகிய நாயென்றால் தொடையின் முன்பக்கம் மெல்லத் தடவுங்கள், முழங்கால் சில்லு விரலில் தட்டுப்படும்.

குதிரை இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில் நிற்கிறது. குளம்பு அந்த விரலின் நகம். குதிகாலுக்குக் கீழே நீளமாக இறங்குவது நம் உள்ளங்காலில் இருக்கும் எலும்புகளில் நடுவிலுள்ளது. பறவையில் தொடை முழுவதும் இறகுக்குள் ஒளிந்திருக்கும். வெளியே மடங்குவது கணுக்கால். கரடியோ நம்மைப்போல் குதிகாலை ஊன்றி நடக்கும்.

இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், விரல்கள்: வரிசை எங்கும் மாறுவதில்லை, நீளங்கள்தான் மாறுகின்றன. ஏனெனில் இவை எல்லாமே மீன்களின் பின்துடுப்பிலிருந்து வந்தவை. சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டிக்டாலிக் என்ற மீனுக்கே இடுப்பெலும்பு பெரிதாகத் திரண்டிருந்தது. பின்னர் வந்த இக்தியோஸ்டெகா என்ற ஆதி நாற்கால் விலங்கின் பின்பாதத்தில் ஏழு விரல்கள். ஐந்து என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் நிலைத்தது. என்னை இன்றும் வியக்கவைப்பது பாசிலோசாரஸ் என்ற பழந்திமிங்கிலம். சுமார் 15 மீட்டர் உடலில், நடக்கவே உதவாத குட்டிப் பின்னங்கால்கள். அவற்றிலும் முழங்கால், கணுக்கால், விரல்கள் எல்லாம் உண்டு. எகிப்தில் கிடைத்த அந்த எலும்புகளைப் பற்றிய ஆய்வு 1990இல் வெளியானது.

ஆகவே வெளிக்கோட்டில் தொடங்காதீர்கள். வாலடிக்குச் சற்று முன்னே இடுப்புக்கு ஒரு புள்ளி, முன்னும் கீழுமாக முழங்காலுக்கு ஒன்று, பின்னோக்கிக் குதிகாலுக்கு ஒன்று, தரையில் விரலுக்கு ஒன்று வைத்து இணையுங்கள், தசை பிறகு. முதலில் உட்கார்ந்திருக்கும் நாயை வரைந்து பழகுங்கள். அப்போது குதிகால் தரையில் படிந்து, முழங்கால் விலாவருகே எழுந்து, நான்கு புள்ளிகளும் தெளிவாகத் தெரியும்.