விரிசல், குப்பை, வண்டு, பல்லி: வாசகர்கள் கேட்டவை

ஆராய்ச்சிச் செய்திகளைப் பற்றி வந்திருந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். பெரும்பாலும் வாட்ஸ்அப் உபயம்.

கேள்வி: வீடு கட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. மொட்டை மாடித் தளத்தில் மெல்லிய விரிசல், மழை பெய்தால் கீழே ஈரம் இறங்குகிறது. காங்கிரீட்டில் பாக்டீரியா கலந்தால் விரிசல் தானே மூடிக்கொள்ளும் என்று ஒரு வீடியோ வந்தது. எங்கள் இன்ஜினீயரிடம் காட்டினால் சிரிக்கிறார். உண்மையா சார்?
— திருநெல்வேலி வாசகர்

உண்மைதான். அவர் சிரித்திருக்க வேண்டாம். ஆனால் வீடியோவில் காட்டியது காங்கிரீட் போடும்போதே கலக்க வேண்டிய சரக்கு. ஏற்கெனவே விழுந்த விரிசலுக்கான திரவமும் உண்டு என்றாலும், தெருமுனை ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்கும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் என்ற நுண்ணுயிரியலாளர் 2006 வாக்கில் தொடங்கிய வேலை இது. காங்கிரீட்டுக்குள் காரம் கடுமையாக இருக்கும், சாதாரண பாக்டீரியா அங்கே பிழைக்காது. அதனால் அவர் காரம் மிகுந்த இடங்களில் வாழப் பழகிய பேசில்லஸ் வகையைத் தேர்ந்தெடுத்தார். இவை தண்ணீரும் உணவும் இல்லாதபோது கெட்டியான வித்துகளாகச் சுருங்கி வருடக்கணக்கில் கிடக்கும். கூடவே கால்சியம் லாக்டேட்டையும் கலந்துவிடுகிறார்கள், அதுதான் அவற்றின் சாப்பாடு. விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே போனால் வித்து முளைக்கும், லாக்டேட்டைத் தின்னும், கடைசியில் மிஞ்சுவது சுண்ணாம்புக்கல். அதுதான் விரிசலை அடைக்கிறது. அந்த வேலையில் பாக்டீரியா ஆக்சிஜனையும் தீர்த்துவிடுவதால் உள்ளே இருக்கும் கம்பிக்குத் துரு ஏறுவதும் தள்ளிப்போகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வீடியோ போடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் வரவில்லை? முதலில் வித்துகளை நேரடியாகச் சிமென்ட் கலவையில் போட்டுப் பார்த்தார்கள். காங்கிரீட் இறுக இறுக உள்ளே இருக்கும் நுண்துளைகள் சுருங்கி வித்துகளை நசுக்கிவிட்டன, சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. சரி என்று லேசான களிமண் உருண்டைகளுக்குள் வைத்துக் கலந்தார்கள். வித்து பிழைத்தது, ஆனால் ஜல்லி இருக்க வேண்டிய இடத்தில் களிமண் உருண்டை இருந்தால் காங்கிரீட்டின் பலம் குறையும், செலவும் ஏறும். பிறகு வேறு விதமான பொதிகளுக்கு மாறினார்கள். இன்றைக்கும் நீர்த்தொட்டி, சுரங்க நடைபாதை மாதிரி, கசிந்தால் பிரித்துப் பழுதுபார்க்க முடியாத கட்டுமானங்களில்தான் இந்தக் கூடுதல் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது. அதிலும் மூடுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசலைத்தான், சுமார் 0.8 மில்லிமீட்டர் வரை. விரல் நுழையும் பிளவையெல்லாம் எந்தப் பாக்டீரியாவும் மூடாது.

உங்கள் மாடிக்கு வருவோம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை கழிந்தும் கோட்டைத் தாண்டவில்லை என்றால், அது அநேகமாகக் காங்கிரீட் காயும்போது சுருங்கியதால் வந்த விரிசல். பூசி அடைத்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரிசெய்தால் போதும். கோட்டைத் தாண்டி ஓடினாலோ, விரிசலை ஒட்டிச் செம்பழுப்புக் கறை தெரிந்தாலோ, பூசி மறைக்காமல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். நம் ஊரில் இப்படிப்பட்ட விரிசல்கள் பலவற்றுக்கும் காரணம் ரொம்பச் சாதாரணம்: ஊற்ற எளிதாக இருக்கட்டும் என்று கலவையில் தண்ணீரை அதிகம் விடுவது, போட்ட பிறகு க்யூரிங்குக்குத் தண்ணீர் விடாமல் இருப்பது.

கேள்வி: ரோமானியர் கட்டியது இரண்டாயிரம் வருடம் நிற்கிறது, நாம் கட்டுவது இருபது வருடத்தில் இளிக்கிறது. கடுக்காய், வெல்லம் போட்டுச் சுண்ணாம்பு அரைத்த நம் முன்னோர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும்தானே?
— காரைக்குடி வாசகி

முதலில் ரோமானியரைப் பார்த்துவிடுவோம். அவர்களுடைய காங்கிரீட்டை உடைத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சரியாகக் கலக்காத கொத்தனாரின் கைவேலை என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் அட்மிர் மாசிச் குழு 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. ரோமுக்குத் தெற்கே பிரிவெர்னம் என்ற பழைய ஊரின் சுவர்த் துண்டுகளை ஆராய்ந்து அவர்கள் சொன்னது இது: நீற்றாத சுண்ணாம்பையே எரிமலைச் சாம்பலோடு கலந்து தண்ணீர் விட்டிருக்கிறார்கள், கலவை கொதித்திருக்கிறது, அந்தச் சூட்டில் உருவானவைதான் இந்தக் கட்டிகள். விரிசல் விழுந்தால் இந்தக் கட்டிகளை உடைத்துக்கொண்டுதான் ஓடும். மழைத்தண்ணீர் இறங்கும்போது கட்டியிலிருந்து கால்சியம் கரைந்து, விரிசலுக்குள் மறுபடி படிந்து இறுகும். அதே மாதிரிக் கலவை செய்து, வேண்டுமென்றே பிளந்து, தண்ணீர் ஓடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. நீற்றாத சுண்ணாம்பு சேர்க்காத துண்டில் நிற்கவே இல்லை. அப்புறம் பாம்பேயில், கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது பாதியில் நின்றுபோன ஒரு கட்டுமானத் தளத்திலேயே, தண்ணீர் சேர்க்காமல் கலந்து வைத்த சாம்பலும் சுண்ணாம்பும் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

ஆனால் ‘நிற்கிறது’ என்று நாம் சொல்வது இன்றைக்கு நிற்பவற்றை வைத்துத்தான். இடிந்து போன ரோமானியக் கட்டடங்களை யாரும் போட்டோ எடுத்து ஃபார்வர்டு செய்வதில்லை. இன்னொன்று, அவர்கள் இரும்புக் கம்பி போடவில்லை. நம் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளப்பதே பல சமயம் அந்தக் கம்பிதான், துரு ஏறினால் பருத்துவிடும். கம்பி இல்லாமல் பத்து மாடி எழுப்ப முடியாது, ரோமானியரும் எழுப்பவில்லை.

கடுக்காய்ச் சுண்ணாம்பு நல்ல சரக்கு, சந்தேகமே இல்லை. சின்ன விரிசல்களில் சுண்ணாம்பு கரைந்து மறுபடி படிவது நம் ஊர்ச் சுண்ணாம்புக் காரையிலும் நடக்கும். ஆனால் நம் முறையில் சுண்ணாம்பை முதலில் நீற்றிவிட்டு, பிறகு கடுக்காய் வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து அரைப்பார்கள். கொதிக்கக் கொதிக்கக் கலந்த ரோமானிய முறை வேறு. இரண்டையும் ஒரே ரகசியம் என்றால் இரண்டு பேருடைய கைவேலையையும் குறைத்துச் சொன்னதாகும்.

கேள்வி: பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா கண்டுபிடித்து ஆண்டுகள் ஆகின்றன. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன? அரசாங்கத்துக்கு மனமில்லையா?
— சென்னை வாசகர்

விட்டாலும் கேரி பேக் அப்படியே கிடக்கும். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2016இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்த அந்தப் பாக்டீரியாவுக்குப் பெயர் ஐடியோனெல்லா சகாயென்சிஸ். ஒசாகா பக்கத்தில் சகாய் என்ற ஊரில் பாட்டில் மறுசுழற்சிக் கூடத்தின் அருகே எடுத்த மாதிரியில் கிடைத்ததால் அந்தப் பெயர். அது தின்பது பெட் என்ற ஒரே ஒரு பிளாஸ்டிக்கை, அதாவது தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் துணியும் செய்கிற சரக்கை. பெட்டின் நீளச் சங்கிலியில் எஸ்டர் என்ற இணைப்பு இடைவிடாமல் வரும். இலைகளின் மேல்தோலிலும் அதே வகை இணைப்பு இருப்பதால், அதை வெட்டும் நொதிகள், அதாவது என்சைம்கள், இயற்கையில் ஏற்கெனவே உண்டு. கேரி பேக் பாலித்தீன். அதில் கார்பனும் கார்பனுமாகக் கோத்த சங்கிலிதான், நொதி வாய் வைக்க இடமே இல்லை.

சரி, பாட்டிலையாவது தின்னுமா? ஜப்பானிய ஆய்வில் கொடுத்தது மெல்லிய, தளர்வான பெட் படலம். 30 டிகிரி சூட்டில் அதைத் தின்று முடிக்கவே ஆறு வாரம் பிடித்தது. கடையில் வாங்கும் பாட்டிலில் மூலக்கூறுகள் வரிசையாக இறுகி அடுக்கியிருக்கும், நொதியால் உள்ளே நுழைய முடியாது.

உண்மையான முன்னேற்றம் வேறு இடத்தில் நடந்தது. 2020இல் பிரான்ஸின் துலூஸ் ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் இலைமக்கு உரத்திலிருந்து கிடைத்த ஒரு நொதியை மாற்றியமைத்து, 72 டிகிரியில், 10 மணி நேரத்தில் 90 சதவீதம் பெட்டை மூலப்பொருளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆறு வாரம் எங்கே, பத்து மணி நேரம் எங்கே! ஆனால் அதற்குப் பாட்டிலை முதலில் அரைத்து, உருக்கி, சட்டென்று குளிரவைத்து அந்த அடுக்கைக் குலைக்க வேண்டும். 2022இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணினியின் உதவியோடு வடிவமைத்த இன்னொரு நொதி 50 டிகிரியிலேயே வேலை செய்தது. இவை எல்லாம் தொட்டிக்குள், சூட்டைக் கட்டுப்படுத்தி, தரம்பிரித்த குப்பையோடு செய்யும் வேலை. திறந்த மேட்டில் தூவுகிற மருந்து கிடையாது.

அரசாங்கத்தை எதற்காகத் திட்டலாம் என்றால், குப்பையைத் தரம்பிரிப்பதில் திட்டுங்கள். நொதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மீன் கழிவும் கேரி பேக்கும் கலந்து வந்தால் அந்தத் தொட்டி ஒரு வாரம்கூட ஓடாது.

கேள்வி: கார் ஏறினாலும் சாகாத வண்டு என்று ஒரு படம் சுற்றுகிறதே, ஃபோட்டோஷாப்பா?
— ஈரோடு வாசகர்

இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம் வாழும் வண்டு, ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘இரும்புக்கவசப் பிசாசு’ என்று வரும். கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு டொயோட்டா காரையே மண் தரையில் அதன் மேல் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டது. 2020 அக்டோபரில் வந்த ஆய்வுப்படி தன் எடையைப் போல சுமார் 39,000 மடங்கு தாங்கும். பூச்சி சேகரிப்பவர்கள் இதைப் பலகையில் குத்தி வைக்க முயன்றால் ஊசி வளைந்துவிடும், துளை போட்டுத்தான் குத்த வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் இதன் ஓட்டில் விசேஷமான பொருள் எதுவும் இல்லை, இரும்புமில்லை. மற்ற வண்டுகளிடம் இருக்கும் அதே கைட்டினும் புரதமும்தான். வண்டு பறப்பதற்காகத் திறக்கும் இரண்டு மேல்சிறகும் இதில் நடுவில் ஒட்டிப் போய்விட்டன, அதனால் இதற்குப் பறக்க வராது. அந்த மூட்டில் புடைப்பும் குழிவுமாக ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய பற்கள் இருக்கின்றன. அழுத்தினால் அந்தப் பல் கழுத்தில் ஒடியாது, உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். விமானத்தில் உலோகத்தையும் கார்பன் இழையையும் இணைக்கும் இடம் எப்போதுமே பலவீனமான இடம், அங்கே இப்படிப்பட்ட மூட்டைப் போட முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

கேள்வி: சிலந்தி நூலில் புல்லட் புரூஃப் சட்டை எப்போது வரும்?
— மதுரை கல்லூரி மாணவர்

அவசரப்படாதீர்கள். சிலந்தியைப் பட்டுப்புழு மாதிரி கூட்டமாக வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். மடகாஸ்கரில் 12 லட்சம் காட்டுச் சிலந்திகளைப் பிடித்து நூல் எடுத்து ஒரு பொன்னிற மேலங்கி நெய்தார்கள், 2012இல் லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். ஒரே ஒரு மேலங்கி! ஆட்டின் பாலில் சிலந்தி நூல் புரதம் வரவைத்துப் பார்த்தார்கள். புரதம் வந்தது, அதை நூலாக இழுப்பதில்தான் மாட்டிக்கொண்டார்கள். சிலந்தி தன் வயிற்றுக் குழாயில் அமில காரத் தன்மையை மாற்றி, இழுத்து நீட்டி, சாதாரணச் சூட்டிலேயே திரவத்தை நூலாக்குகிறது. 2023இல் சீனாவின் டோங்குவா பல்கலைக்கழகத்தினர் சிலந்தியின் மரபணுவைப் பட்டுப்புழுவுக்குள்ளேயே வைத்து, புழுவைக்கொண்டே நூற்க வைத்தார்கள். நூற்கத் தெரிந்த பிராணியிடம் வேலையை ஒப்படைத்தது புத்திசாலித்தனம், என் பந்தயம் அதன் மேல்தான்.

கேள்வி: மகள் பிளஸ் டூ. உயிரியலும் பிடிக்கும், இன்ஜினீயரிங்கும் பிடிக்கும். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டியதுதானா?
— கும்பகோணம் தாய்

விட வேண்டியதில்லை அம்மா. உங்களுக்குப் பக்கத்துச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, அதற்கு மேல் உயிரியல் மாணவராகப் போய் உட்கார்ந்தவர். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் வேதியியலில். 2024இல் புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணித்ததற்காக வேதியியல் நோபலில் பங்கு பெற்ற டெமிஸ் ஹசாபிஸ் கணினி அறிவியல் படித்தவர். மகளைக் கணக்கை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லூரி தேர்வு செய்யும்போது, இளநிலை மாணவர்களை ஆய்வகத்துக்குள் விடுவார்களா என்று நேரில் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

கேள்வி: பல்லி கூரையில் தலைகீழாக ஓடுகிறது, பசை இருக்கிறதா?
— எட்டாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

பசை கிடையாது கண்ணு. கால் விரலுக்கு அடியில் லட்சக்கணக்கான நுண்ணிய முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கில் கிளை பிரியும். அந்த நுனிகள் சுவரை அவ்வளவு நெருங்குவதால் மூலக்கூறுகளுக்கிடையே இருக்கும் மெல்லிய ஈர்ப்பே போதுமானதாகிவிடுகிறது. 2000இல் அமெரிக்காவில் ஒரே ஒரு முடியின் பிடியை அளந்து பார்த்தார்கள். முடியின் கோணத்தை மாற்றினால் பிடி விட்டுவிடும், அதனால்தான் ஒட்டவும் ஓடவும் முடிகிறது. இதைப் பார்த்து ஸ்டான்ஃபோர்டில் செய்த பட்டைகளைக் கையில் மாட்டிக்கொண்டு ஓர் ஆள் கண்ணாடிச் சுவரில் ஏறியிருக்கிறார். தோசைக்கல்லுக்குப் பூசும் டெஃப்லானில் மட்டும் பல்லிக்குப் பிடி கிடைக்காது. தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதை உங்கள் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.