ஐந்து நிமிட ராக்கெட் – கடிதம்

வணக்கம் சார்,

எக்ஸ்ரே வானியல் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு சந்தேகம். சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி 1999 முதல் விண்ணிலேயே இருக்கிறது. அப்புறமும் ஐந்து நிமிடம் வானத்தைப் பார்த்துவிட்டுக் கீழே விழுகிற ராக்கெட்டில் கருவி அனுப்புகிறார்கள் என்கிறீர்கள். காசில்லாதவர்கள் செய்கிற வேலையா இது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

காசும் ஒரு காரணம்தான். ஆனால் அடை மழையை அளக்கச் சொம்பை வைப்பீர்களா, அண்டாவை வைப்பீர்களா? சந்திரா, வானத்தின் சின்னஞ்சிறு துண்டை மிகக் கூர்மையாகப் பார்க்கும். நான் எழுதியது வானம் முழுக்கப் பரவிக் கிடக்கும் எக்ஸ்ரே ஒளியைப் பற்றி. அதற்குக் கூர்மை வேண்டாம், வாய் அகலமாக இருந்தால் போதும். ஐந்து நிமிடத்திலேயே அண்டா நிறைந்துவிடும்.

அந்த ஒளியைக் கண்டுபிடித்ததே ராக்கெட்தான். 1962 ஜூனில் வானியலாளர் ஜியாக்கோனியின் குழு நியூ மெக்ஸிகோவின் வொயிட் சாண்ட்ஸிலிருந்து ஏவியது. தேடியது நிலாவின் எக்ஸ்ரேயை; கிடைத்தது விருச்சிக விண்மீன் கூட்டத்தில் எக்ஸ்ரேயைப் பிரகாசமாக வீசும் ஒரு பொருள். கூடவே இன்னொன்று: ராக்கெட் சுழன்று எந்தத் திசையைப் பார்த்தாலும் கருவியில் பதிவான எக்ஸ்ரேயின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவேயில்லை.

ஆற்றல் குறைந்த பகுதியில் இது எங்கிருந்து வருகிறது? சூரியக் குடும்பத்துக்கு வெளியே அதைச் சூழ்ந்திருக்கும், பத்து லட்சம் டிகிரிச் சூடான வாயுக் குமிழியிலிருந்து என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1996-இல் ஹயகுடகே வால்மீன் குட்டையைக் குழப்பியது. பனிக்கட்டியும் தூசியுமான அது எக்ஸ்ரே வீசியது! சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றில் வரும், எலக்ட்ரான்களைப் பறிகொடுத்த ஆக்ஸிஜன் போன்ற அயனிகள், எதிர்ப்படும் நடுநிலை அணுவிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும்போது எக்ஸ்ரே வெளிப்படுகிறது. இது வால்மீனில் மட்டுமா நடக்கும்? நம் சூரியக் குடும்பம் முழுக்க நடக்குமே. அப்படியானால் குமிழி என்று ஒன்று உண்டா என்றே சிலர் கேட்டார்கள்.

இதைத் தீர்க்க மியாமி பல்கலைக்கழகத்தின் கலியாஸி குழு செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1970களில் பறக்கவிட்ட, எக்ஸ்ரேயை எண்ணும் பழைய கருவிகளைத் தூசு தட்டி எடுத்தார்கள். வாயு நிரப்பிய பெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் சன்னல், அவ்வளவுதான். ஏவியது 2012 டிசம்பரில். மாதத்துக்கும் காரணம் உண்டு. விண்மீன்களுக்கிடையிலிருந்து வரும் ஹீலியத்தைச் சூரியனின் ஈர்ப்பு வளைத்துத் தன் முதுகுப்பக்கம் குவிக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் வாக்கில் பூமி அந்தக் குவியலைக் கடக்கிறது. பிடுங்குவதற்கு அணுக்கள் அதிகமுள்ள இடத்தில் ஒளி எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால், சூரியக் காற்றின் பங்கு தெரிந்துவிடும் இல்லையா?

தெரிந்தது. பால்வீதித் தளத்தின் திசையில், கால் கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் (மேலே சொன்ன ஆற்றல் குறைந்த பகுதி இதுதான்), சுமார் 40 சதவீதம் சூரியக் காற்றுடையது. மீதி பெரும்பாலும் குமிழியுடையது. குமிழி பிழைத்தது.

‘கீழே விழுகிற’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாராசூட்டில் சார், பாலைவனத்தில் பதமாக இறங்கும். அதே கருவியைச் செப்பனிட்டு 2015 டிசம்பரில் மறுபடி ஏவினார்கள்.