இலங்கையின் யாழ் மாவட்டத் தீவான நெடுந்தீவில் சில ஆயிரம் பேர்தானே, எதற்குத் தனிப் பிரதேச செயலகம்?

பிரதேச செயலகம் என்பது மாவட்டச் செயலகத்தின் (கச்சேரியின்) கீழ் இயங்கும் அரச அலுவலகம். யாழ் மாவட்டத்தில் 15 உண்டு. நெடுந்தீவுப் பிரிவில் ஜே/01 முதல் ஜே/06 வரை 6 கிராம அலுவலர் பிரிவுகள் மட்டுமே.

காரணம் கடல். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காற்றுக் காலத்தில் சேவையே நின்றுவிடும். ஒரு கையெழுத்துக்காக முதியவரை அலைக்கழிக்கக் கூடாது. சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) கிளையும் ஆட்தொகையை மட்டும் பார்த்தா திறக்கிறார்கள்? அரிசி சுமக்கும் தூரத்தையும் பார்த்துத்தானே.

வதிவிடச் சான்றிதழுக்கு முதலில் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போங்கள். பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவார். நேரே செயலகம் போனால் திருப்பி அனுப்புவார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் இழுபறிதான்.

பலரும் பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென நினைக்கிறார்கள்: சபை மக்கள் வாக்களித்துத் தெரிவது, உள்ளூர் வீதி, குப்பை, சந்தை அதன் பொறுப்பு, செயலாளர் அரசு நியமிக்கும் அதிகாரி.